தாரிகா பேசும் நேரம்

ஆகஸ்ட் 9, புதன்

இன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒடிந்த கையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. இதை எங்கேயாவது எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. அதனால்தான் ஜனவரியில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியைத் தேடி எடுத்திருக்கிறேன். ஏழு மாதமும் வெறும் தாள். ஒரு பக்கத்தில் மட்டும் ஜவ்வரிசி வடகத்துக்கு அளவு எழுதி வைத்திருக்கிறேன்.

தாரிகா. ஐந்தாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், சன்னலோரம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். கணக்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வாய் மட்டும் திறக்காது. நான்கு வருடமாக நான்கு டீச்சர்கள் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஜூனில் அவள் என் வகுப்புக்கு வந்தபோது, "என்கிட்ட வந்துட்டா இல்ல, தீபாவளிக்குள்ள பேச வெச்சுக் காட்டறேன்" என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். என் குரல் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். கலாமணி கல்லையும் பேச வைத்துவிடுவாள் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

தாரிகாவுக்கு வாய், பக்கத்தில் உட்காரும் அஸ்மியாதான். "மிஸ், தாரிகாவுக்குப் பாத்ரூம் போகோணுமாமா." "மிஸ், தாரிகாவுக்குத் தண்ணி வேணுமாமா." எப்படித் தெரியும் என்று கேட்டால், "கால ஆட்டுனா பாத்ரூம், கழுத்தத் தொட்டா தண்ணி மிஸ்" என்பாள். இன்று அஸ்மியா வரவில்லை, அவளுடைய மாமா கல்யாணம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் தாரிகா வழுக்கி விழுந்திருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. மதியம் முதல் பாடவேளையில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். "என்ன அம்மிணி புதுப் பழக்கம்? வாயிலதான் கொழுக்கட்டைன்னா கையிலயுமா? வலது கைல எழுது" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் பென்சிலை வலது கைக்கு மாற்றி நான்கு வார்த்தை எழுதினாள்.

நாலு மணிக்கு அவள் அம்மா வந்து கையைப் பிடித்தபோதுதான் வீக்கம் தெரிந்தது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. நான்கு வார்த்தையும் கோட்டை விட்டு விலகாமல் இருக்கின்றன.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா லோடு லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஒருநாள்தான் வீடு. அம்மா பரமேஸ்வரி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பது. கண் அப்படித்தான் இருக்கிறது, ஒன்றையும் விடாது. பிள்ளை மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கேட் தாண்டற வரைக்கும் ஒரு சத்தம் இல்லீங்க மிஸ். ரோட்டுக்கு வந்ததும்தான் 'அம்மா'ன்னு ஒரே கத்தா கத்துனா. எனக்குக் கொல நடுங்கிப் போச்சுங்க."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அடுத்த வருசம் ஆறாவதுங்க. பெரிய ஸ்கூலு. ஒரு கிளாசுல எழுவது பேருங்கறாங்க. இங்கயே இப்படீன்னா, அங்க எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பாக்கறது? வலிக்குதுன்னு சொல்லோணுமில்லீங்க, ஒரு வார்த்த?"

கொண்டுபோன ஆப்பிளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தேன்.

கிளம்பும்போது, "கோவிச்சுக்காதீங்க மிஸ், ஒண்ணு காட்டறேன்" என்று செல்போனை நீட்டினாள். வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ. தாரிகா அம்மாவின் துப்பட்டாவை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்கேலோடு நிற்கிறாள். எதிரே மூன்று தலையணை, ஒரு தம்பி.

"சைலன்ஸ்! அக்கட்டால யாரது, மழைக்காலத் தவளையாட்டக் கத்தறது?"

அது நான். என் சொல், என் ராகம், வலது இடுப்பில் என் கை. கணீரென்ற குரல், ஓரத்தில் லேசாக ஒரு கரகரப்பு. பிறகு வருகைப் பதிவு எடுத்தாள். முப்பத்தொரு பெயர், ஒன்று விடாமல், வரிசை பிசகாமல். ஒவ்வொரு பிள்ளையும் எப்படி "உள்ளேன் மிஸ்" சொல்லுமோ அப்படியே அவளே சொன்னாள். அகிலன் இழுப்பான், அஸ்மியா அவசரப்படுவாள், எல்லாம் அப்படியே. நான்கு வருடத்துக்கு மேலாக ஒரு பிள்ளை இந்த வகுப்பை முழுக்கக் காதால் குடித்து வைத்திருக்கிறது!

அவள் பெயர் வந்தது. "தாரிகா." நிறுத்தினாள். தலையணையை ஸ்கேலுக்கு மேலாகப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "ம்ம்... இருக்கா" என்று காற்றில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

நான் பெருமூச்சு விடுவேன் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன். பவானிக்குப் போன் செய்தேன். மகள் இருக்கும் ஹைதராபாத்தில் மழையாம். தாரிகா கதையை முழுக்கச் சொன்னேன், வீடியோவையும் நடித்துக் காட்டினேன். நாற்பது நிமிடத்தில் என் மகள் பேசியது மூன்று "ம்", ஒரு "சரிம்மா". கல்யாணமானால் பெண்கள் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 19, சனி

பரமேஸ்வரியோடும் தாரிகாவோடும் அரசு மருத்துவமனைக்குப் போனேன். மனநலப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா. பிள்ளையைப் பொம்மை அறைக்கு அனுப்பிவிட்டு எங்களிடம் பேசினார்.

"இது அடமில்ல, திமிருமில்ல. பயம். வீட்டுல அருவி மாதிரி பேசற பிள்ளைக்கு ஸ்கூல் கேட்டுக்குள்ள போனதும் தொண்டை பூட்டிக்குது. அவளே நெனச்சாலும் திறக்க முடியாது."

சட்டம் போட்டார். 'பேசு' என்று யாரும் சொல்லக்கூடாது. அவளுக்காக இன்னொரு பிள்ளை பதில் சொல்லக்கூடாது. ஏதாவது கேட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அம்மாவும் பிள்ளையும் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து வீட்டில் விளையாடுவது போல விளையாட வேண்டும். நான் தூரத்தில் இருந்து, நாளுக்கு ஒரு அடி, வாரத்துக்கு ஒரு அடி என்று கிட்டே வர வேண்டும்.

"முக்கியமானது கடைசி. அவ ஒருநாள் பேசுவா. அப்ப நீங்க ஒண்ணும் செய்யக்கூடாது. அவ தும்மினா எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க. கைதட்டறது, சாக்லேட் குடுக்கறது, எதுவும் வேண்டாம்."

என் வகுப்பில் ஏழு வகைக் கைதட்டல் உண்டு. மழைத் தட்டு, ரயில் தட்டு, பட்டாசுத் தட்டு என்று எல்லாம் நானே உண்டாக்கியவை. பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர்கள் வந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஐந்து எண்ணிவிட்டு, "தெரியுது" என்றார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பரமேஸ்வரிக்கு எட்டரைக்குக் கம்பெனி. அதனால் ஏழு ஐம்பதுக்கு வகுப்பு. நான் வராந்தாவில், சுவருக்கு இந்தப் பக்கம், நாற்காலி போட்டு நோட்டுத் திருத்தினேன். உள்ளே பரமேஸ்வரி குரல் மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 29

அதேதான். இன்று கொசு வேறு.

ஆகஸ்ட் 31, வியாழன்

எட்டு மணி பத்து நிமிடம். உள்ளே பரமேஸ்வரி தாயக்கட்டையை உருட்டி, ஐந்து விழுந்ததை ஆறு என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள்.

"அஞ்சு."

அவ்வளவுதான். காற்றுதான் பேசியதோ என்று நினைக்கும் அளவுக்கு மெல்லிசு. என் சிவப்புப் பேனா நோட்டின் மேல் நின்றுவிட்டது. நான்கு வருடத்துக்கு மேலாக இந்தச் சுவர் கேட்காத குரல் சுவரைத் தாண்டி வந்து என் காதில் விழுகிறது. எங்கள் ஊர்த் தேரில் முதல் சக்கரம் அசையும்போது நெஞ்சுக்குள் ஒன்று எழும்புமே, அதே மாதிரி இருந்தது. அழக்கூடப் பயமாக இருந்தது, மூக்கை உறிஞ்சினால் சத்தம் கேட்டுவிடும்.

யாருடைய நோட்டோ தெரியவில்லை, ஒரு முழுப் பக்கத்துக்கும் சரி போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பதினொரு பேனா, ஒரு பிளாஸ்டிக் ரோஜா. காலையில் பேச்சு இல்லை. நான் இருமிவிட்டேன், அதுதான் காரணம்.

செப்டம்பர் 21, வியாழன்

நாற்காலி வாசல் நிலைக்கு வந்தாகிவிட்டது. அவளுக்கு என் முதுகு தெரியும். முதுகு காட்டியே உட்கார வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்தே நின்ற எனக்கு முதுகு காட்டி உட்காருவது பெரிய தண்டனை. வாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மாவும் மகளும் ஏதோ குசுகுசுத்துச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான்.

அக்டோபர் 12, வியாழன்

கட்டுப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. நாற்காலி வகுப்புக்குள், கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில்.

அஸ்மியாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி தாரிகாவுக்காக நீ பேசக்கூடாது என்றேன். "அப்ப அவளுக்குத் தண்ணி தவிச்சா என்ன மிஸ் பண்ணுவா?" என்று அழுதுவிட்டாள். பத்து வயதில் இன்னொருத்தியின் தாகத்துக்கு இப்படி அழ முடியுமா? எனக்கும் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலை மட்டும் தாரிகாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள் என்று சமாதானம் செய்து அனுப்பினேன்.

நவம்பர் 8, புதன்

இன்றைக்கு நடந்ததை மெதுவாக எழுத வேண்டும்.

இரண்டு வாரமாகக் காலையில் அவர்கள் விளையாடுவது டீச்சர் விளையாட்டு. தாரிகா டீச்சர், பரமேஸ்வரி மொத்த வகுப்பு. நான் கடைசி பெஞ்சில் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். முதலில் குசுகுசுப்பாகத்தான் பெயர் கூப்பிட்டாள். போன வாரம் குரல் கொஞ்சம் ஏறியது.

இன்று முப்பத்தொரு பெயரும் கூப்பிட்டு முடித்தாள். பதிவேட்டை மூடப் போனவள் மூடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவளுடைய இரட்டைச் சடையும் கழுத்தும்தான் தெரிந்தன.

"முப்பத்திரெண்டு. கலாமணி."

பரமேஸ்வரி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் எழுந்து நின்றேன். என் பெயரை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தடவையும் யாரும் கூப்பிட்டதில்லை. தான் அடைபட்டுக் கிடந்த இடத்திலிருந்து, கதவை ஒரு விரல் அகலம் திறந்து, முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"உள்ளேன் மிஸ்" என்றேன். இரண்டு தெரு தாண்டும் குரல் பெஞ்சைக்கூடத் தாண்டவில்லை.

"சத்தமாச் சொல்லோணும்" என்றாள் கரும்பலகையிடம்.

சொன்னேன்.

நவம்பர் 20, திங்கள்

அஸ்மியாவும் காலையில் வருகிறாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தேன், பேய் பார்த்தவள் போலக் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாரிகா தன் பேரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு எதுவும் செய்யவில்லை. என்னைவிடப் பக்குவம்.

டிசம்பர் 5, செவ்வாய்

தாரிகா வகுப்பில் பேசினாள்! எல்லோர் முன்னாலும்! வாய்ப்பாடு கேட்டுக்கொண்டு வந்தேன். அவள் முறை வந்தது. "ஏழு எட்டு?" ஐந்து எண்ணினேன். நான்கு வந்தபோது, "அம்பத்தாறு." முப்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். எனக்கு என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. "பட்டாசுத் தட்டு!" என்றேன். கூரை அதிர்ந்தது. ஹெச்.எம். சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எழுந்து வந்து தலையைத் தடவி, "எங்கே, எனக்கும் ஒருக்கா சொல்லு கண்ணு" என்றார். மற்ற நான்கு வகுப்புக்கும் கூட்டிப் போய்க் காட்டினோம். என்னவொரு நாள்! தீபாவளி தாண்டிவிட்டாலும் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள்.

ஹெச்.எம். அறையில் மறுபடி சொல்லவில்லை, கூச்சம். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மதியம் சாதத்தைத் தொடவில்லை என்று சத்துணவு அக்கா சொன்னார். சந்தோஷத்தில் பசி தெரிந்திருக்காது. வீட்டில் என் வீட்டுக்காரருக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

டிசம்பர் 6, புதன்

வரவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

டிசம்பர் 8, வெள்ளி

ஏழு ஐம்பதுக்குப் பரமேஸ்வரி மட்டும் வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டாக்டரம்மா என்னங்க சொன்னாங்க? தும்முனாப்புல இருக்கோணும்னு சொன்னாங்களா இல்லீங்களா? தும்முனதுக்கு யாராச்சும் பட்டாசு வெடிப்பாங்களாங்க? அஞ்சு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி சொல்லு சொல்லுன்னீங்களாமா. எம்புள்ள என்ன வேடிக்கை காட்டற கொரங்குங்களா மிஸ்?"

"சந்தோசத்துல பண்ணிட்டேன் பரமேஸ்வரி..."

"அன்னைக்கு ஊட்டுக்கு வந்து உங்க கொரல்லயும் பெரிய சார் கொரல்லயும் பேசிக் காட்டுனாளுங்க. அதோட சரி. ரெண்டு நாளா ஊட்டுலயும் வாயத் தெறக்கலீங்க. தம்பிகிட்டக்கூடப் பேசலீங்க. இருந்த ஒரு எடமும் போச்சு."

போய்விட்டாள். எட்டரை மணிக் கம்பெனிக்கு ஓடினாள். அந்தக் கைதட்டல் தாரிகாவுக்கு இல்லை, எனக்கு. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

பரமேஸ்வரி போன் செய்தாள். சாப்பிடும்போது தாரிகா தம்பியைத் திட்டினாளாம், "எச்சக் கைய வெக்காதடா" என்று. அப்பாடா.

இன்று அரையாண்டுத் தேர்வு ஆரம்பம், தாரிகாவை வரச் சொல்லியிருந்தேன். வந்தாள். எழுதினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 3, புதன்

இன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பில் யாருக்கும் கைதட்டல் கிடையாது என்று அறிவித்தேன். அகிலன் எழுந்து, "நல்லாப் படிச்சாக்கூடவா மிஸ்?" என்றான். நல்லாப் படித்தாலும்தான். ஏழு தட்டும் ஓய்வு பெறுகின்றன.

தாரிகா நோட்டில் ஒரு கடிதம் எழுதி வைத்தேன். "அன்றைக்கு நான் செய்தது தப்பு. நீ ஒரு பதில் சொன்னாய், நான் அதைப் பொருட்காட்சியில் வைத்துவிட்டேன். இனி செய்ய மாட்டேன். இதற்குப் பதில் வேண்டாம். கலாமணி, வரிசை எண் 32."

ஜனவரி 4, வியாழன்

நோட்டு திரும்பி வந்தது. கடிதத்துக்குக் கீழே சிவப்பு மையில் 7/10 என்று போட்டு வட்டமிட்டிருக்கிறாள். மூன்று மதிப்பெண் எதற்குப் போனது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜனவரி 8, திங்கள்

ஏழு ஐம்பது. அவர்கள் இருவரும் உள்ளே. நான் மறுபடி வராந்தாவில், சுவருக்கு இந்தப் பக்கம். முதலிலிருந்து.

ஜனவரி 21, ஞாயிறு

வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பவானிக்குப் போன் செய்தேன். "எப்படி இருக்கே கண்ணு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஐந்து எண்ணினேன். எவ்வளவு நீளமான ஐந்து! இரண்டிலேயே எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அரிசி விலையையாவது சொல்லலாம் என்று. கடித்துக்கொண்டேன்.

"அம்மா? லைன் கட்டாயிருச்சா?"

"இல்ல சாமி. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அவள் ஒரு மணி நேரம் பேசினாள். இரண்டு வருடமாக என் பெண் இதையெல்லாம் வைத்துக்கொண்டா "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்? அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நாளைக் காலை ரயிலுக்கு வீட்டுக்காரரை டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் லீவு.

ஜனவரி 29, திங்கள்

பவானி எங்களோடு வந்துவிட்டாள். மாடி அறையைக் கழுவிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில், நான் லீவில் இருந்த நாளில் பரமேஸ்வரி, அஸ்மியா, தாரிகா மூவரும் காலையில் வந்திருக்கிறார்கள். தாரிகா பெயர் கூப்பிட்டாளாம். முப்பத்திரண்டாம் எண்ணுக்கு, "லீவு" என்று அவளே போட்டுக்கொண்டாளாம். இதை அஸ்மியா என் காதில் சொன்னாள். எனக்கு இன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 15, வியாழன்

இப்போது பரமேஸ்வரி வாசலில் நிற்கிறாள், உள்ளே வருவதில்லை. உள்ளே நாங்கள் மூவர். தாரிகா அஸ்மியாவிடம் சாதாரணமாகப் பேசுகிறாள். என்னிடம் டீச்சராக மட்டும் பேசுகிறாள், அதுவும் திட்டுவதற்கு. வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

பரமேஸ்வரி கேட் வரைதான் வந்தாள். "நா போறேன் சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பிள்ளை தனியாக வகுப்புக்கு நடந்து வந்தாள். தாய்க்காரிக்கு எத்தனை மனத்திடம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் போக முடியும்! நான் பார்த்தேன், தெருமுனை தாண்டியதும் அவள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 1, வெள்ளி

வருகைப் பதிவில் "தாரிகா" என்றேன். "உள்ளேன் மிஸ்." அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அகிலன் மட்டும் இரண்டு கையையும் தூக்கினான். நான் பார்த்த பார்வையில் தலையைச் சொறிந்துகொண்டான்.

மார்ச் 7, வியாழன்

கேட்டால் பதில் சொல்கிறாள், ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. ஆனால் தானாக எதுவும் கேட்பதில்லை. நேற்று அவள் பேனாவில் மை தீர்ந்துபோய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு மாற்றுச் சான்றிதழ்ப் படிவம் வந்துவிட்டது. எழுபது பேர் இருக்கும் வகுப்பில் யாரும் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "கேட்கறதுதான் கடைசிப் படி, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இத்தனை உழைப்பா என்று கேட்டேன். சிரித்தார்.

மார்ச் 14, வியாழன்

பின்னக் கணக்கு. பதினோரு மணி. கரும்பலகை நிறைய எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பார்த்து எழுதும் சத்தம், மின்விசிறியின் டொக் டொக். தேர்வுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று கை ஓடிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் அகலம், எழுதிய கணக்கை நானே மறைத்துக்கொண்டு நிற்பேன்.

"மிஸ், சித்தெ தள்ளி நில்லுங்க. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அஸ்மியா என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு சலிப்பு அந்தக் குரலில். நகர்ந்த பிறகுதான் ஓரத்திலிருந்த அந்தக் கரகரப்பு காதில் ஏறியது.

சுண்ணக்கட்டி கையிலேயே இரண்டாக ஒடிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகம் எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். முக்கால் கூட்டல் கால் என்று எழுதியிருந்தேன். அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் கேட்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது, கேட்டுவிட்டாள். உலகத்தில் இதைவிடப் பெரிய காரியத்தை நான் பார்த்ததில்லை, அது என் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

"இப்பத் தெரியுதா?" என்றேன் கரும்பலகையிடம்.

"தெரியுது மிஸ்."

மீதிக் கணக்கை ஓரமாக நின்று எழுதி முடித்தேன். இடைவேளை மணி அடித்ததும் குழாயடிக்குப் பின்னால் போய்ப் பரமேஸ்வரிக்குப் போன் போட்டேன். கம்பெனியில் போன் எடுக்க விடமாட்டார்கள். ஆனால் கை ஒடிந்த நாளிலிருந்து என் நம்பர் வந்தால் மட்டும் அவள் எடுத்துவிடுவாள். பின்னால் மெஷின்கள் இரைந்தன.

"மிஸ்? என்னாச்சுங்க? விழுந்துட்டாளுங்களா?"

"இல்ல பரமேஸ்வரி, இல்ல. என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டா."

"ஆருங்க?"

"தாரிகாதான். போர்டு மறைக்குதுன்னு, அவளாவே. கிளாஸ் நடக்கறப்போ."

மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. மனசுக்குள் ஐந்து எண்ணினேன்.

"மரியாதையாச் சொன்னாளுங்களா மிஸ்?"

"நில்லுங்கன்னுதான் சொன்னா."

மறுபடி இரைச்சல். யாரோ சூப்பர்வைசர் அவள் பேரைச் சொல்லி அதட்டுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பரமேஸ்வரி சொன்னாள், "பீஸெல்லாம் நனையுதுங்க மிஸ், வெச்சர்றேனுங்க."